தூய்மை என்பது எரிபொருள் மட்டுமன்று

(தூய்மைப் போக்குவரத்துக்கான இளைஞர் தொண்டர் மன்றம் அமைப்பது குறித்து, தில்லித் தமிழ்த் தோழர்களின் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



தூய்மைப் போக்குவரத்துக்கென இளைஞர் தொண்டர் மன்றம் ஒன்றைத் தில்லியில் அமைக்க வேண்டும் என்னும் முன்மொழிவு நம் முன் உள்ளது. அதை முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். ஆனால் அம்மன்றம் யாருக்காகப் பேசும் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தாவிடில், மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் குழுக்களுள் ஒன்றாக அது முடிந்துவிடும்.

'தூய்மை' என்னும் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். மொழிபெயர்ப்பாளனுக்கு அது தொழில் வழக்கம். இந்நகரில் அச்சொல்லின் பெயரால் ஏழைகள் பலமுறை வெளியேற்றப்பட்டுள்ளனர். 2025 ஜூன் முதல் நாள் ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகாலைத் தூய்மைப்படுத்தவே இடிப்பதாகக் காரணம் கூறப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள் இருந்த இடத்தில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்றனர். அவ்வீடுகளும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், நரேலாவில். ஜங்புராவின் வீடுகளில் சமைத்தும் பாத்திரம் துலக்கியும் பிழைத்த பெண்கள் அங்கிருந்து காலை வேலைக்கு எப்படி வந்து சேர்வது? 2019 அக்டோபர் 29 முதல் தில்லிப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் உண்டு. வராத பேருந்தில் கட்டணம் இல்லாமலிருந்து என்ன பயன்?

இளைய தோழர்கள் அறிய வேண்டிய பழைய செய்தி ஒன்றுண்டு. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. நகரப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சிஎன்ஜி எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்றது அதன் ஒரு பகுதி. அது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பேருந்துகளின் எண்ணிக்கையை 2001 ஏப்ரல் முதல் நாளுக்குள் 10,000 ஆக உயர்த்த வேண்டும் என்றது மற்றொரு பகுதி. அதை யாரும் பேசுவதில்லை.

எரிபொருள் மாற்றம் கெடு தவறினாலும் 2002 இறுதிக்குள் நிறைவேறியது. அதன் சுமையைத் தாங்கியோர் யார்? எரிவாயு நிலையங்களின் முன் மணிக்கணக்கில் வரிசையில் காத்துக்கிடந்த ஆட்டோ ஓட்டுநர்கள்; பழைய வண்டியைக் கைவிட்டுக் கடனில் புதியது வாங்கியவர்கள். பத்தாயிரம் பேருந்துகள் என்னும் இலக்கோ இன்றுவரை எட்டப்படவில்லை. உழைப்பவனிடம் செலவைச் சுமத்தும் பாதி நிறைவேறியது. அரசு செலவிட வேண்டிய பாதி ஏட்டில் நின்றது. இடைவெளியைக் கார்களும் இருசக்கர வாகனங்களும் நிரப்பின. எரிவாயுவால் கிடைத்த பலனையும் அவையே விழுங்கின.

பேருந்துக்கெனத் தனித்தடம் ஒன்றும் இருந்தது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர், 2008-இல் தொடங்கியது. கார் உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். அத்தடத்தை எதிர்த்த மனுவை 2012-இல் தில்லி உயர் நீதிமன்றமே தள்ளுபடி செய்தது. ஆயினும் 2016-இல் அது பெயர்த்தெடுக்கப்பட்டது. கார்க்காரர்களின் குரலுக்கு ஈடான குரல் பேருந்துப் பயணிகளிடமிருந்து எழவில்லை. அக்குரலை அமைப்பாகத் திரட்டுவதே நாம் அமைக்கும் மன்றத்தின் வேலை.

மின்சாரப் பேருந்து வந்துவிட்டதே என்பீர்கள். வரட்டும், நாம் அதற்கு எதிரிகளல்லர். ஆனால் எப்படி வருகிறது என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் இ-பஸ் சேவா திட்டம், 10,000 பேருந்துகளைத் தனியார் பங்கேற்புடன் இயக்குவதாகும். வண்டியும் ஓட்டுநரும் நிறுவனத்தினுடையவை. ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என அரசு பணம் செலுத்தும். தில்லியின் மின்சாரப் பேருந்துகளும் இம்முறையிலேயே ஓடுகின்றன. புகை வெளியேறியதோடு நிரந்தர வேலையும் வெளியேறிவிட்டது. ஓட்டுநர், நடத்துநர்களின் சங்கங்களுடன் உறவில்லாத மன்றம் இதைப் பார்க்கவும் இயலாது, பேசவும் இயலாது.

இது தன்னார்வ நிறுவனங்களின் வேலையன்றோ, கட்சிக்கு எதற்கு என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். கல்கத்தாவில் 1953-இல் டிராமின் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து எழுந்த இயக்கத்தை அவருக்கு நினைவூட்டினேன். பிரிட்டிஷ் நிறுவனம் அவ்வுயர்வை நிறுத்திவைக்க நேர்ந்தது. அதில் கலந்துகொண்ட எண்ணற்றோர் எக்கட்சியின் உறுப்பினருமல்லர்; நாள்தோறும் டிராமில் சென்றவர்கள்.

ஆகவே மன்றத்தில் கட்சி உறுப்பினர் அல்லாதோரே மிகுதியாக இருக்கட்டும். பெண்கள் பாதிக்குக் குறையாதிருக்கட்டும். பொறுப்பு வகிப்பவர் பேருந்தில் செல்பவராக இருத்தல் நன்று. காரில் வந்து பேருந்தைப் பற்றி உரையாற்றுவோர் இந்நகரில் ஏற்கெனவே நிறைய உளர். முதல் வேலை எண்ணுவது: குறித்த நிறுத்தங்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரை இருவர் நின்று, எந்த வழித்தடப் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, நிற்காமல் சென்றது எத்தனை, ஏற முடியாமல் நின்றவர் எத்தனை பேர் என்று ஏட்டில் குறிப்பது. ஒரு மாதக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, அறிவிக்கப்பட்ட கால அட்டவணையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒப்பிடலாம். அதன்பிறகே பணிமனை மேலாளரிடம் செல்வது. துண்டறிக்கையை இந்தியிலும் தமிழிலும் அச்சிடுவோம். தமிழாக்கம் என் பொறுப்பு.

நரேலாவில் தொடங்கலாம் என்பது என் கருத்து. முதற்கூட்டத்திற்கு வருவோர் தாம் ஏறும் நிறுத்தத்தின் பெயரையும் வழித்தட எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருக.