தூக்குதலும் தாங்குதலும்



மோட்டார்க் கார்களுள் இரண்டு கூரைகளை உடைய ஒருவகை உண்டு. வெயிற் காலத்தில் மடித்து வைத்துவிட்டுத் திறந்த வெளியிற் செல்வதற்கு ஒரு துணிக்கூரை; குளிர் காலத்தில் மாட்டிக்கொள்வதற்கு உலோகத்தாலோ கண்ணாடியிழையாலோ ஆன ஒரு கெட்டிக் கூரை. அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த போர்ட் தண்டர்பேர்ட் கண்ணாடியிழைக் கூரையுடனேயே விற்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியில் தோன்றிய மெர்சிடிஸ் 230 எஸ்.எல். காரின் கெட்டிக் கூரை நடுவிலே சற்றுத் தாழ்ந்திருந்தமையால், கீழைத்தேசக் கோயில் விமானத்தை நினைந்து அதற்குப் ‘பகோடா’ என்றே பெயரிட்டனர். 1989இல் ஜப்பானின் மஸ்டா எம்.எக்ஸ். 5 வந்தது. அதற்கும் இத்தகைய கூரையை வேண்டுவோர் வாங்கிக்கொள்ளலாம். 1996இல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. என்னும் கார், பொத்தானை அழுத்தியதும் கெட்டிக் கூரை தானே மடிந்து பின்பெட்டிக்குள் ஒடுங்கும்படி வந்தபின், கழற்றி மாட்டும் கூரைக்குத் தேவை குறைந்தது. ஆயினும் பழைய கார்களைப் பேணுவோர் மேனாடுகளில் இன்றும் பலர் உளர்.

அவர்களுக்கு ஆண்டுதோறும் இருமுறை எழும் கேள்வி ஒன்று: கழற்றிய கூரையை எங்கே வைப்பது? யார் தூக்குவது?

கூரையின் நிறை காருக்குக் கார் வேறுபடும். மஸ்டாவின் கூரை ஏறக்குறைய 20 கிலோகிராம்; எஃகுக் கூரையாயின் 40 கிலோகிராமையும் கடக்கும். நிறையைக் காட்டிலும் அதன் பருமனே பெருந்தொல்லை. பற்றிக்கொள்ளப் பிடியில்லை, பின்புறம் கண்ணாடி, எங்கே உரசினாலும் வர்ணம் போய்விடும். ஆகவே, தனியாக வாழ்வோரும் முதியோரும் தம் கார்க் கொட்டகையிலேயே ஒரு தூக்கும் பொறியைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர். காரை உள்ளே நிறுத்திக் கூரையின் பூட்டுகளைக் கழற்றி, கைப்பிடியைச் சுழற்றினால் கூரை மேலே எழும். கார் அடியாலே வெளியே செல்லும். குளிர் தொடங்கும்போது கார் மீண்டும் வந்து நிற்கும். கூரை இறங்கி அமரும்.

இப்பொறியின் தத்துவம் மிகப் பழையது. அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோ என்னும் அறிஞர் எளிய பொறிகள் ஐந்து என்று வகுத்தார். அவை நெம்புகோல், கப்பி, சுருட்டு உருளை, ஆப்பு, திருகு என்பன. இவற்றுள் ஆப்பு ஒழிந்த நான்கையும் இக்கொட்டகைப் பொறியிலே காணலாம்.

நம் வீட்டுக் கிணற்றுக் கப்பியை எண்ணிப் பாருங்கள். அந்தக் கப்பி வாளியின் பாரத்தைக் குறைப்பதில்லை. மேல்நோக்கி இழுக்கவேண்டியதைக் கீழ்நோக்கி இழுக்கச் செய்கிறது; அவ்வளவே. பத்துக் கிலோகிராம் நீரைத் தூக்கப் பத்துக் கிலோகிராமுக்குரிய விசையே வேண்டும். இங்கே பலரும் கவனியாத ஒரு செய்தி உண்டு. ஒரு பக்கம் வாளி இழுக்கிறது. மறுபக்கம் நாம் இழுக்கிறோம். ஆகவே கப்பி தொங்கும் மரம் தாங்குவது பத்தன்று, இருபது. அவ்வாறே 40 கிலோகிராம் கூரையை ஒற்றைக் கப்பியிலே கீழ்நோக்கி இழுத்துத் தூக்கினால் முகட்டு மரம் 80 கிலோகிராமைத் தாங்கவேண்டும்.

கைச்சுமையைக் குறைப்பது சுருட்டு உருளை. உருளையின் ஆரை இரண்டரைச் சென்ரிமீற்றராகவும், கைப்பிடியின் நீளம் இருபத்தைந்து சென்ரிமீற்றராகவும் இருப்பின், நாற்பது கிலோகிராமை நான்கு கிலோகிராமுக்குரிய விசையாலே தூக்கலாம்; உராய்வுக்காகச் சிறிது கூடும். விசையிற் பெற்ற இலாபத்தைத் தூரத்திலே செலுத்தித் தீர்க்கவேண்டும். கை நெடுநேரம் சுழலும். அதனால் கெடுதியில்லை. பாரம் மெல்ல எழுவதே நன்று.

இனி அமைப்பைப் பார்ப்போம். கூரையின் நடுவிலே ஒரே கொளுக்கியிட்டுத் தூக்குவது எளிதுபோலத் தோன்றும். ஆனால் கொட்டகையின் முகடு தாழ்ந்திருக்கும். கொளுக்கியிலிருந்து இரு பக்கமும் இறங்கும் பட்டிகள் அதனால் சரிந்து படுத்துவிடும். பட்டி கிடையோடு முப்பது பாகைக் கோணத்தில் நின்றால், இரண்டு பட்டிகளுள் ஒவ்வொன்றும் பாரம் முழுவதற்கும் சமமான இழுவையைத் தாங்கவேண்டும்; கூரையின் இரு விளிம்புகளும் உள்நோக்கி நெருக்கப்படும். ஆகையால் நான்கு மூலைகளிலும் நேராகத் தூக்குவதே தக்கது.

அதற்குப் பஞ்சோ கம்பளமோ சுற்றிய இரண்டு சட்டங்கள் போதும். கார்க் கதவுகளின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஒரு சட்டத்தை முன்பக்கமாகவும் மற்றையதைப் பின்பக்கமாகவும் ஒரு சாளரத்தால் நுழைத்து மறு சாளரத்தால் வெளியே எடுக்கவேண்டும். கூரை அவற்றின்மேல் அமரும். வெளியே நீண்டிருக்கும் நான்கு முனைகளிலும் வடங்களை மாட்டவேண்டும். நான்கு வடங்களும் முகட்டிலுள்ள கப்பிகளின் வழியே சென்று ஒரே வளையத்திற் கூடும். அவ்வளையத்திலிருந்து முதன்மை வடம் சுவரிலுள்ள சுருட்டுப் பொறிக்கு இறங்கும். பின்கண்ணாடியினால் கூரையின் பின்பாகம் கனமானது. அதன் புவியீர்ப்பு மையம் இரு சட்டங்களுக்கும் இடையே விழவேண்டும். விழாதாயின் பின்விளிம்பை ஓர் அகன்ற துணிப்பட்டியாலே தாங்கவேண்டும்.

தூக்கத் தொடங்குமுன் பூட்டுகள் யாவும் கழன்றனவா, பின்கண்ணாடியைச் சூடாக்கும் மின்கம்பி பிரிக்கப்பட்டதா என்று பார்க்கவேண்டும். ஐந்து சென்ரிமீற்றர் உயர்த்தியதும் நிறுத்தி, சுற்றிவந்து நோக்கிய பின்னரே மேலே தொடரவேண்டும். மேல்நோக்கி மடிந்து செல்லும் கொட்டகைக் கதவாயின், அது செல்லும் வழியிலே கூரை குறுக்கிடாதவாறும் இடம் வகுக்கவேண்டும்.

நேயர்களே, இதுவரை கூறியது தூக்குதல். ஓர் இளைஞன் அரைநாளிலே இதனைச் செய்து முடித்துவிடலாம். இதன் உண்மையான பொறுப்பு கூரை மேலே சென்ற பின்னரே தொடங்குகிறது. தூக்குவது சில நிமிட வேலை. தாங்குவதோ ஐந்தாறு மாத வேலை. அம்மாதங்களில் அதன்கீழ்க் கார் நிற்கும், வீட்டார் நடப்பர், குழந்தைகள் பந்தைத் தேடி ஓடிவருவர். அவர்களுள் ஒருவரும் மேலே பார்க்கப்போவதில்லை.

ஆகவே நான்கு காரியங்களிலே சிக்கனம் ஆகாது.

முதலாவது, முகட்டு மரம். மேனாட்டு வீடுகளில் கூரைச் சட்டகத்தின் கீழ்மரங்கள் பெரும்பாலும் மெல்லியவை. முகட்டுப் பலகையைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை. ஒரே மரத்தில் பாரத்தைத் தொங்கவிடாது, பல மரங்களின்மேற் குறுக்காக ஒரு தடித்த தீராந்தியை இட்டுப் பாரத்தைப் பகிரவேண்டும். மரத்தின் அடியிலே திருகிய ஆணி காலப்போக்கில் இளகும். மரத்தை ஊடுருவிச் சென்று மறுபுறம் வாஷரும் நட்டும் பூண்ட போல்ட்டே நம்பத்தக்கது. சட்டகத்தின் வலிமையில் ஐயமிருப்பின் கட்டிடப் பொறியியலாளர் ஒருவரைக் கேட்பது நன்று.

இரண்டாவது, வடமும் கப்பியும். தாங்கவேண்டிய பாரத்தைப்போல ஐந்து மடங்கேனும் வலிமை அவற்றுக்கு இருத்தல் வேண்டும்; 40 கிலோகிராமுக்கு 200 என்க. கம்பி வடமாயின் சிறிய கப்பியிலே கடுமையாக வளைந்து வளைந்து அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஆகவே கப்பி பெரிதாக இருத்தல் வேண்டும். அறுந்த இழை ஒன்றைக் கண்டாலும் வடத்தை மாற்றிவிடவேண்டும்.

மூன்றாவது, சுருட்டுப் பொறி. படகை வண்டியில் ஏற்றும் சாதாரணக் கைப்பொறி மலிவானது. ஆனால் அதன் தடைநாக்கை விலக்கியதும் பாரம் முழுவதும் கைப்பிடிக்கு வரும்; கை நழுவினால் கைப்பிடி சுழன்று எலும்பை முறிக்கும். தானே தடுக்கும் அமைப்புடைய பொறியே இங்கே வேண்டும். திருகு வடிவான உருளையொன்று பற்சில்லைச் சுழற்றும் வகையில், கைப்பிடி சில்லைத் திருப்பும். பாரமோ கைப்பிடியை இலகுவில் திருப்பமாட்டாது. கையை எடுத்தாலும் கூரை நின்ற இடத்திலே நிற்கும்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. கூரை உயர்ந்ததும், சட்டங்களின் நான்கு முனைகளையும் நான்கு தனிச் சங்கிலிகளாலே தீராந்தியில் மாட்டி, பாரத்தை வடத்திலிருந்து சங்கிலிகளுக்கு மாற்றிவிடவேண்டும். வடம் அறுந்தாலும், கப்பி உடைந்தாலும், பொறி வழுக்கினாலும் கூரை விழாது. தூக்கும் கருவி வேறு, தாங்கும் கருவி வேறு என்று பிரித்துவைப்பதே இதன் நுட்பம்.

சோதனையும் வேண்டும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் நிறை உடையதன்றோ? நீர் நிரப்பிய கலன்களைக் கூரையின் நிறைக்கு ஒன்றரை மடங்காகச் சட்டங்களில் ஏற்றி, காரை வெளியே நிறுத்திவிட்டு, ஓரிரவு முழுவதும் தொங்கவிடுங்கள். கீழே எவரும் செல்லாதவாறு கொட்டகையைப் பூட்டிவிடுங்கள். காலையிலே மரம் வளைந்திருக்கிறதா, நட்டு இளகியிருக்கிறதா, நீர்க்கலன்கள் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். விழவேண்டியது நீராகவே விழட்டும்.

அந்தச் சோதனையில் தேறிய பொறியிலே கூரையை ஏற்றலாம். ஏற்றிய பின்னும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வடத்தையும் போல்ட்டுகளையும் சங்கிலிகளையும் கையாலே தடவிப் பார்த்துவிட்டே கைப்பிடியைத் தொடவேண்டும். சுழற்றும்போதும் பாரத்தின் நேர்கீழே எவரும் நிற்றல் ஆகாது. சுழற்றுபவரும் சுவரோரமாகவே நிற்றல் வேண்டும்.

வீட்டிலே தம் கையாற் பொறி செய்வோருக்கு நான் சொல்லத்தக்கது இதுவே: கை வலிமையை நம்பித் தூக்கலாம், தாங்குவதற்கு மாத்திரம் சங்கிலியை நம்புங்கள்.