புற்றுநோய் மருத்துவம் ஊருக்கு வருக!

(திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)

 

நோய் ஊர் பார்த்து வருவதில்லை. மருத்துவமோ ஊர் பார்த்தே வருகின்றது. இவ்விடைவெளியில்தான் ஏழையின் உயிர் ஊசலாடுகின்றது.

புதுக்கோட்டையிற் பிறந்த மருத்துவர் முத்துலக்குமி அம்மையார், 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயர் அவர் நெஞ்சோடு அடங்கிவிடவில்லை. 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவ நிலையமாய் எழுந்தது. 2021-இல் மறைந்த மருத்துவர் சாந்தா அம்மையார் தம் வாழ்நாள் முழுவதையும் அந்நிலையத்திற்கே ஈந்தார்.

காஞ்சியில் தோன்றிய பேரறிஞர் அண்ணா 1968-இல் நியூயார்க்கு வரை சென்று அறுவை மருத்துவம் பெற்றும், 1969 பிப்பிரவரி 3-இல் இந்நோய்க்கே இரையானார். அவ்வாண்டே அவர் பெயரால் காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை அமைந்தது. முதலமைச்சர்க்குக் கடல் கடந்து செல்ல வழியிருந்தது. அவர் ஊர்த் தறிநெய்வோனுக்கு வழியாது? அவன் ஊர்ப்புறத்திலேயே மருத்துவமனை எழுப்பியதே அதற்குற்ற விடை.

இன்று மதுரை, கோவை, தஞ்சை, நெல்லை முதலிய நகர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கதிர் மருத்துவம் கிடைக்கின்றது. மகிழ்ச்சியே! ஆயினும் சிற்றூர்க்கும் அந்நகர்க்கும் இடையிலுள்ள வழி குறைந்துவிட்டதா?

கருப்பைவாய்ப் புற்றுற்ற பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுக்குக் கிழமைக்கு 5 நாளாக, ஏறத்தாழ 5 கிழமை கதிர் செலுத்தவேண்டும். ஒவ்வொரு நாளும் கதிர் படுவதோ சில நிமையங்களே. அச்சில நிமையங்களுக்காக ஒரு களையெடுப்பவள் கூலியை இழக்கிறாள், பேருந்துக்குக் கடன்படுகிறாள், பிள்ளைகளை அயலாரிடம் விடுகிறாள். காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவைத் தாங்கும். இழந்த கூலியைத் தருமா? துணைக்கு வந்தவனுக்குச் சோறிடுமா? ஆகவே அவள் பாதியில் நின்றுவிடுகிறாள். இடையறவுபட்ட கதிர் மருத்துவத்தால் நோய் மீண்டும் தலைதூக்குகின்றது. பின்னர், "அவள் அறியாமையால் மாண்டாள்" என்கின்றனர். அறியாமையன்று, தொலைவே அவளைக் கொன்றது!

"ஊர்தோறும் கதிர்ப்பொறி வைக்க இயலுமா?" என்று வினவுவோர் உளர். இயலாதுதான். அதற்குத் தடித்த கற்காரைச் சுவரும், கதிரியல் வல்லுநரும் வேண்டும். அரிய அறுவையும் அதில் கைதேர்ந்தோர் உள்ள இடத்திலேயே நடைபெறல் நன்று. ஆனால் எல்லாவற்றிற்குமா நகர்க்கு ஓடவேண்டும்? வாயையும் மார்பையும் கருப்பைவாயையும் தொடக்கத்திலேயே ஆய்ந்து பார்த்தல், தசைத்துணுக்கு எடுத்தனுப்புதல், வல்லுநர் வகுத்த முறைப்படி குருதிக்குழாய் வழி மருந்தேற்றுதல், குருதியாய்வு, புண்கழுவல், நோவு தணித்தல் ஆகிய இவையனைத்தும் பயிற்சி பெற்ற மருத்துவரும் செவிலியரும் இருப்பின் அண்மை மருத்துவமனையிலேயே இயலும். மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் 3 ஆண்டுக்குள் பகற்பொழுதுப் புற்றுநோய் மருத்துவப் பிரிவு அமையும் என 2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் நடுவணரசு அறிவித்தது. அறிவிப்பு கட்டடமாகவும், கட்டடம் மருத்துவராகவும், மருத்துவர் மருந்தாகவும் மாறும்வரை மக்கள் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

நோவு தணித்தலைத் தனியே சொல்லவேண்டும். முற்றிய புற்றின் கொடுநோவுக்கு மார்பீன் மருந்தே பெருந்துணை. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால் அது மருத்துவமனைகட்கே அரிதாயிற்று. 2014-இல் சட்டம் திருத்தப்பெற்றது. சட்டம் நெகிழ்ந்தும் மருந்து ஊர் சேராவிடின் பயனென்ன? குணப்படுத்த இயலாத நோயாளியும் கதறாமல் கண்மூட உரிமையுடையவரே.

இன்னுமொன்று. அறுவைக்கு ஒப்புதல் தரும் தாளில் ஆங்கிலம். ஆய்வு முடிவும் ஆங்கிலம். தன் உடலை அறுக்கப்போகும் செய்தியைத் தான் அறியா மொழியிற் கண்டு ஒரு தாய் கைந்நாட்டிடுகிறாள். அஃது ஒப்புதலாகுமா? நோயின் பெயரும், மருத்துவத்தின் நாளளவும், மீண்டும் வரவேண்டிய நாளும் தமிழில் எழுதித் தரப்பெறல் வேண்டும். இது மொழிப்பற்று மட்டுமன்று, உயிர்க்காப்பு.

அவையீர்! அரசைக் கேட்பது ஒரு கடமை. அண்டைவீட்டாரைக் காப்பது மறுகடமை. ஆறாத வாய்ப்புண், மார்பிற் கட்டி, மாதவிடாய் நின்றபின் குருதிப்போக்கு ஆகியவற்றைக் கண்டால் நாணமும் அச்சமும் தவிர்த்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாதியில் நின்றவரைத் தேடிச்சென்று மீண்டும் அனுப்புங்கள்.

மருத்துவம் ஊருக்கு வருக! ஏழையின் உயிர் தழைக்க!