போரும் யாப்பும் எழுத்தும்: துருக்கி நாடு கண்ட மாற்றங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'போரும் சமுதாய மாற்றமும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். கடல் போன்ற பொருள் அது. உலகப் போர்களையெல்லாம் தொட்டுத் தொட்டுச் செல்வதைவிட, ஒரே நாட்டை எடுத்துக்கொண்டு, அங்கே போரும் அரசியல் புரட்சியும் எவ்வளவு ஆழம் இறங்கின என்று பார்ப்பது நலம் எனக் கருதினேன். துருக்கியைத் தேர்ந்துகொண்டேன். அங்கு அடித்த புயல் அரண்மனையோடும் எல்லைக் கோட்டோடும் நிற்கவில்லை. பாவலன் எண்ணும் அசை வரையில், அவன் எழுதும் எழுத்து வரையில் அது சென்றது.

கமால் பாட்சா என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. தன்மான இயக்க ஏடுகள் அவரைப் போற்றி எழுதின. ஆனால் அவரைச் சட்டம் இயற்றிய சீர்திருத்தக்காரராக அறிந்த அளவுக்கு, அச்சட்டங்களுக்கு முன்னே நிலத்தை உழுது போட்ட போர்களை நாம் அறிந்துகொள்ளவில்லை. 1911இல் லிபியாவில் இத்தாலியோடு தொடங்கிய போர், 1912-13இல் பால்கன் போர்களாகி, 1914 முதல் 1918 வரை உலகப் போராகி, 1919 முதல் 1922 வரை விடுதலைப் போராக நீண்டது. இருபது வயதில் படைக்குப் போனவன் உயிர் பிழைத்திருந்தால் முப்பதைக் கடந்துதான் வீடு திரும்பியிருப்பான்.

உதுமானியப் பேரரசில் 'மில்லத்' என்றொரு சொல் வழங்கியது. ஒரு சமயத்தைச் சார்ந்த மக்கள் குழு என்பது அதன் பொருள். கிரேக்கத் திருச்சபையினர் ஒரு மில்லத். ஆர்மீனியர் ஒரு மில்லத். யூதர் ஒரு மில்லத். பேரரசு வீழ்ந்து குடியரசு எழுந்தபோது, அதே சொல் 'தேசிய இனம்' என்னும் பொருளில் மேடையேறியது. சொல் மாறவில்லை, பொருள் மாறிற்று. அந்தப் பொருள் மாற்றத்துக்கு மக்கள் கொடுத்த விலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1915ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இஸ்தான்புல் நகரில் ஆர்மீனிய அறிஞர்களும் எழுத்தாளர்களும் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவ்வாண்டு கொல்லப்பட்டவருள் தானியேல் வரூழான், சியமந்தோ என்னும் புகழ்பெற்ற கவிஞர் இருவரும் அடங்குவர். பின்னர் ஊர் ஊராக ஆர்மீனிய மக்கள் பெயர்க்கப்பட்டுச் சிரியப் பாலைவனம் நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் கொல்லப்பட்டும் பசியாலும் பிணியாலும் மாண்டோர் பல இலட்சம். வரலாற்றாசிரியர்களுள் மிகப் பெரும்பாலோர் இதனை இனக்கொலை என்றே கூறுகின்றனர்; துருக்கி அரசு அச்சொல்லை ஏற்பதில்லை. 1922 செப்டம்பரில் இஸ்மிர் நகரின் கிரேக்க, ஆர்மீனியப் பகுதிகள் தீக்கிரையாயின. துறைமுகத்தில் திரண்ட மக்களுக்கு முன்னே கடல், பின்னே நெருப்பு.

1923 சனவரியில் லோசான் நகரில், கிரேக்க நாடும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள உடன்பட்டன. பண்டமாற்று நாம் அறிந்தது, இது மக்கள்மாற்று. ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவர் கிரேக்கத்துக்கும், மூன்றரை முதல் நான்கு இலட்சம் முசுலிம்கள் துருக்கிக்கும் உரியோர் ஆயினர். கிறித்தவருள் பெரும்பாலோர் ஒப்பந்தத்துக்கு முன்னரே உயிருக்கு அஞ்சி ஓடியவர்கள். இஸ்தான்புல் கிரேக்கருக்கும் மேற்குத் திரேசிய முசுலிம்களுக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

எவர் கிரேக்கர், எவர் துருக்கியர் என்பதை முடிவு செய்த அளவுகோல் மதம். மொழியை எவரும் கேட்கவில்லை. அனத்தோலியாவின் நடுவே கரமான்லிகள் என்னும் கிறித்தவர் வாழ்ந்தனர். அவர்களது வீட்டுமொழி துருக்கியே. அதனைக் கிரேக்க எழுத்தால் எழுதினர். 'கிரேக்கர்' என்று பெயரிட்டு அவர்களைக் கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். கிரீட் தீவின் முசுலிம்களுள் பெரும்பாலோர் பேசியது கிரேக்கம். அவர்கள் 'துருக்கியர்' எனத் துருக்கிக்கு வந்து சேர்ந்தனர். தாய்மொழி எதுவோ அதுவே வந்திறங்கிய நாட்டில் அயல்மொழியாயிற்று. மொழியே இனத்தின் உயிர் என்று மேடைதோறும் முழங்கும் நாம் இந்த ஒப்பந்தத்தை ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும்.

மக்கள் போனபின் என்ன நேர்ந்தது? இன்றைய துருக்கி எல்லைக்குள் போருக்கு முன் ஐவரில் ஒருவர் முசுலிம் அல்லாதவர் என்றும், 1927ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நாற்பதில் ஒருவரே அவ்வாறு எஞ்சினர் என்றும் மதிப்பிடுவர். வணிகத்திலும் கைத்தொழிலிலும் பெரும்பங்கு வகித்தவர்கள் அவர்கள். கயாக்கோய் என்னும் ஊரில் நூற்றுக்கணக்கான கல்வீடுகள் கூரையிழந்து இன்றும் நிற்கின்றன. கிரேக்கத்திலோ மக்கள்தொகையில் ஐந்திலொரு பங்கு அகதிகள் ஆயினர். ஏதென்சு நகரின் ஓரத்தில் 'புதிய இஸ்மிர்' என்னும் பொருள்படப் பெயரிட்டுக் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த இசை, துறைமுக விடுதிகளின் பாட்டோடு கலந்து 'ரெபெத்திகோ' என்னும் வகையாக வளர்ந்தது. முதலில் இழிவாகக் கருதப்பட்ட அந்த இசையைத்தான் பின்னாளில் கிரேக்கர் தம் நாட்டுச் சொத்து என்று கொண்டாடினர்.

பெண்கள் நிலையைக் கூறாமல் செல்ல இயலாது. ஆடவர் போர்க்களத்தில் இருந்த ஆண்டுகளில் பட்டறைகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பெண்கள் நுழைந்தனர். 1919இல் சுல்தான் அகமது திடலில் பெருங்கூட்டத்தின்முன் முழங்கியவர் ஹாலிதே எதீப் என்னும் பெண் எழுத்தாளர். விடுதலைப் போரில் படையிலும் பணியாற்றினார். 1926இல் பலதார மணம் ஒழிந்தது. 1934இல் பெண்கள் நாடாளுமன்ற வாக்குரிமை பெற்றனர். பிரான்சு நாட்டுப் பெண்களுக்கு அவ்வுரிமை 1944இல்தான் கிட்டியது என்பதையும் நினைவிற் கொள்க. ஆனால் அதே ஹாலிதே எதீப் ஆட்சியோடு கருத்து வேறுபட்டு, 1939 வரை அயல்நாடுகளில் வாழ நேர்ந்தது. 1935இல் தில்லிக்கு வந்து ஜாமியா மில்லியாவில் சொற்பொழிவாற்றியது அக்காலத்தில்தான்.

பிற சட்டங்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1922இல் சுல்தான் பதவி ஒழிந்தது. 1924 மார்ச் 3இல் கலீபா பதவியும் ஒழிந்தது. அப்பதவியைக் காக்க நம் நாட்டில் கிலாபத் இயக்கத்தார் சிறை சென்றிருந்தனர், ஒழித்தவர்களோ துருக்கியரே! 1925இல் தொப்பிச் சட்டம் வந்தது. நம்மவர் பலர் கமால் பாட்சாவை இந்தத் தொப்பியோடு மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றனர். எனக்கு அது மற்றவற்றைவிடச் சிறியதாகவே தோன்றுகிறது.

இனி நம் துறைக்கு வருவோம். உதுமானியப் பாவலர் கையாண்டது 'அரூஸ்' என்னும் அரபு-பாரசீக யாப்பு. நம் குறில் நெடில் போல, அசைகளின் அளவே அதற்கு அடிப்படை. தமிழுக்குக் குறில் நெடில் பிறவிச் செல்வம்; துருக்கி மொழிக்கோ அது இரவல். எனவே அந்த யாப்புக்காகவே அரபு, பாரசீகச் சொற்களை அள்ளிக் கொட்டினர். உழவனுக்குப் பாட்டுப் புரியவில்லை. 1911இல் சலோனிக்கா நகரில் 'இளம் எழுதுகோல்கள்' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட இதழில், பேச்சுமொழிக்கு வாருங்கள் என்ற குரல் எழுந்தது. மறு ஆண்டே அந்நகர் கிரேக்கர் வசமாயிற்று. குரல் மட்டும் அடங்கவில்லை. போர் ஆண்டுகளில் கவிஞர் பலர் நாட்டுப்பாடலின் அசையெண்ணிக்கை யாப்புக்கு மாறினர். அனத்தோலியச் சிற்றூர்களின் மக்களைப் படைக்கு அழைக்கும் நாடு, அவர்கள் மொழியில் பேசியாக வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாயிற்று என்றே நான் இதனைக் கருதுகிறேன்.

1928 ஆகஸ்டில் புதிய எழுத்து அறிவிக்கப்பட்டது. நவம்பர் 1இல் சட்டமாயிற்று. 1929 பிறந்தபோது அரபு எழுத்தில் நூல் அச்சிடுவது குற்றமாயிற்று. துருக்கி மொழியின் எட்டு உயிரொலிகளைக் காட்ட அரபு எழுத்து போதவில்லை என்பது மெய். நாட்டில் பத்துப் பேரில் ஒருவரே அப்போது எழுத்தறிந்தவர். 1935இல் ஐவரில் ஒருவர் என்னும் நிலை வந்தது. இந்த நன்மையை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். எழுதப் படிக்க அறியாத ஒன்பது பேருக்குக் கதவு திறந்தது. ஆனால் கற்றிருந்த ஒருவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் கடிதமும் கல்லறைக் கல்வெட்டும் படமாக மட்டுமே எஞ்சின. பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் கையாண்டு, பின் 1978இல் தமிழக அரசு ஏற்ற நம் எழுத்துச் சீர்திருத்தம் ஒரு சில எழுத்துகளின் வடிவையே மாற்றியது. பழைய நூலில் துதிக்கை தூக்கிய 'லை'யையும் 'னை'யையும் நம் பிள்ளைகள் அரைமணி நேரத்தில் கற்றுவிடுவர். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1932இல் மொழிக் கழகம் தோன்றிச் சொற்களையும் களையத் தொடங்கியது. பள்ளிக்கு 'மெக்தெப்' போய் 'ஒக்குல்' வந்தது. விடுதலைக்கு 'ஹுர்ரியத்' தளர்ந்து 'ஒஸ்குர்லுக்' எழுந்தது. கவிஞனைக் குறிக்கும் 'ஷாயிர்' என்னும் அரபுச் சொல்லுக்கு மாற்றாகப் பழந்துருக்கிச் சொல் 'ஒஸான்' மீட்கப்பட்டது; ஆயினும் 'ஷாயிர்' சாகவில்லை. வியப்பு என்னவெனில், 1927இல் கமால் ஆறு நாள் நின்று ஆற்றிய பேருரையையே 1960களில் இளைஞர்களுக்காக இன்றைய துருக்கியில் பெயர்த்தெழுத வேண்டியதாயிற்று. தந்தையின் பேச்சுக்கு மகனிடம் மொழிபெயர்ப்பாளர்!

மெஹ்மெத் ஆகிப் என்னும் கவிஞர் எழுதிய பாடல் 1921இல் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. அது அரூஸ் யாப்பில், அரபு எழுத்தில் எழுதப்பட்டது. அவரோ புதிய ஆட்சியின் போக்கில் மனம் ஒட்டாமல் எகிப்து சென்று, நோயுற்ற நிலையில் 1936இல் திரும்பி மறைந்தார். ஆட்சி கைவிட்ட யாப்பில்தான் இன்றும் நாட்டுப்பண் ஒலிக்கிறது.

நாசிம் ஹிக்மத் 1902இல் சலோனிக்காவில் பிறந்தவர். புதிய எழுத்தில் அவருடைய கவிதை நூல் 1929இல் இஸ்தான்புல்லில் வெளிவந்தது. அரூஸையும் அசையெண்ணிக்கையையும் விட்டுப் புதுக்கவிதைக்கு வழி திறந்தார். 1938 முதல் 1950 வரை சிறை; 1951இல் குடியுரிமை பறிப்பு; 1963இல் மாஸ்கோவில் மறைவு. குடியுரிமையை 2009இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் மறைந்த அதே 1963இல் நோபல் பரிசு பெற்ற கிரேக்கக் கவிஞர் செஃபெரிஸ், இஸ்மிர் பகுதியில் பிறந்தவர். துருக்கிக் கவிஞர் பிறந்த ஊர் இன்று கிரேக்கத்தில். கிரேக்கக் கவிஞர் பிறந்த ஊர் துருக்கியில்.