படகின் உட்புறம்



தலைமையாசிரியனாக இருந்த நாளில் ஒருமுறை நான் ஒரு மாணவனுக்குத் தவறான விடை கூறினேன். அது கணக்கிலன்று, இலக்கணத்திலுமன்று. ஒரு மரப் படகைப் பற்றியது.

ஒன்பதாம் வகுப்பில் பயின்ற அம்மாணவன் மலைவேம்புக் கட்டையொன்றைக் குடைந்து, இரண்டடி நீளத்தில் மாதிரிப் படகு செய்தான். வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து நீல வண்ணமும் பூசினான். பள்ளி ஆண்டு விழாவிற்கு இரண்டே நாட்கள் இருந்தன. மேல்தட்டைப் பொருத்துமுன், "ஐயா, உட்புறத்திற்கும் ஏதேனும் பூச வேண்டாமா?" என்று வினவினான். "உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள், தம்பி? மூடிவிடு" என்றேன்.

விழாவன்று ஊர்த் தெப்பக்குளத்தில் படகு அழகாக மிதந்தது. மேல்தட்டின் இடுக்கு வழியே சிறிது நீர் உள்ளிறங்கியதை எவரும் கவனிக்கவில்லை. மறுநாட்காலை வண்ணம் கொப்புளங்களாக எழும்பியிருந்தது. நான்காம் நாள் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பும் கண்டது. மாணவன் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசென்ற அவ்வழிகள் மரம் வெட்டுண்ட பின்னும் இருக்கின்றன. இழையோட்டத்திற்குக் குறுக்கே அறுபட்ட முனைகளில் அவற்றின் வாய்கள் திறந்திருக்குமாதலின், பக்கங்களைக் காட்டிலும் அங்கே நீர் மிக விரைவாக ஏறும். படகின் முன்முனையும் பின்முனையும் அத்தகைய இடங்களே. நீர் ஏறிய மரம் அகலத்தில் பருக்கும். நீளத்தில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. உலர்ந்தால் மீண்டும் சுருங்கும். ஒரு முகம் பூச்சுடனும் மறுமுகம் வெறுமையாகவும் இருந்தால், ஒன்று பருக்க மற்றொன்று அதனைப் பிடித்து நிறுத்தும். அவ்விழுபறியில் மரம் கோணும், அல்லது வெடிக்கும். உள்ளேறிய நீர் வெளிப்படும்போது வண்ணத்தையும் தூக்கிவிடும்.

இரண்டாம் படகை இருவருமாகச் செய்தோம். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, முதற்பூச்சை மிக நீர்க்கவே பூசினோம். நீர்த்த பூச்சுத்தான் மரத்தினுள் ஆழ இறங்கும். அது உலர்ந்ததும் மரத்தின் நார்கள் சிலிர்த்து நின்றன. நயமான உப்புத்தாளால் இழையோட்டத்தின் வழியே தேய்த்து, தூசியைத் துடைத்து மறுபடியும் பூசினோம். இரு முனைகளுக்கு மட்டும் நான்கு பூச்சு. ஆயினும் அரக்கோடு நிறுத்திவிடலாகாது. நீரில் நெடுநேரம் கிடந்தால் அது வெளுத்துவிடும். ஆகவே உள்ளும் புறமும் அதன்மேல் வார்னிஷ் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் ஓர் இரவு காத்திருந்தோம். காத்திருப்பதே இவ்வேலையில் கடினமான பகுதி.

குமரிக் கடற்கரையில் வள்ளங்களுக்கு முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயைப் பூசும் வழக்கம் உண்டு. நீங்கள் அதனைத் தொட வேண்டா, தோலைப் புண்ணாக்கிவிடும்.

புதுப் படகை ஒரு மணி நேரம் மிதக்கவிட்டுத் துடைத்து, ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்தோம். முன்பிருந்த எடைக்கும் அதற்கும் வேறுபாடு தென்படவில்லை. வெடித்த படகை அவன் எறியவில்லை. என் அறை அலமாரியில், வெடிப்பு தெரியும்படி கவிழ்த்து வைத்தான். நான் ஓய்வுபெறும் நாள்வரை அது அங்கேயே இருந்தது.