அக்னி மூலையும் அடுப்புச் சூடும்
(புதுச்சேரி சாரத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



அடுப்பைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கக்கூடும். மோட்சத்தைப் பற்றி வருஷம் முழுவதும் காலட்சேபம் செய்யலாம். நம் பெண்களின் வாழ்நாளைத் தின்னும் அடுப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடாதா?

அடுப்பைத் தென்கிழக்கில், அக்னி மூலையில் வைக்கவேண்டும் என்று வாஸ்துக்காரன் சொல்லுகிறான். நாமும் பணம் கொடுத்துச் சுவரை இடிக்கிறோம். அங்கே ஜன்னல் உண்டா, புகை போக வழி உண்டா என்று அவன் கேட்டானா? கேட்கமாட்டான். இருமுகிறவளும் அவனல்ல, காஸுக்குப் பணம் கொடுக்கிறவனும் அவனல்ல. வீட்டுப் புகையால் 2020ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இத்தனை பேரில் ஒருவரையாவது அக்னி பகவான் காப்பாற்றினாரா?

நெருப்புக்குச் சாஸ்திரம் தெரியாது; கணக்குத்தான் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி உஷ்ணம் போதும். அதே தண்ணீர் முழுவதும் ஆவியாகப் போக இன்னும் 540 கிலோ கலோரி வேண்டும். திறந்த பானையில் கொதி வந்த பிறகு தீயை எவ்வளவு பெருக்கினாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. சோறு சீக்கிரம் வேகாது. ஆவிதான் அதிகமாகப் போகும். ஆகையால் கொதி வந்ததும் தீயைத் தணியுங்கள், மூடி போடுங்கள், பருப்பை முன்னாடியே ஊற வையுங்கள். நன்றாய்க் கொதித்த சோற்றுப் பானையை இறுக மூடி, வைக்கோலோ பழந்துணியோ திணித்த பெட்டிக்குள் உடனே வைத்துவிட்டால், மீதி வேக்காடு உள்ளே இருக்கும் சூட்டிலேயே முடிந்துவிடும்.

ஆவியை அடக்கிச் சமைக்கும் பாத்திரத்தை 1679இல் லண்டனில் செய்து காட்டியவர் டெனி பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர். நம் வீட்டுப் பிரஷர் குக்கருக்கு மூலம் அதுதான். இந்தப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியேறியபோது இருந்த அதே பதினான்காம் லூயி ராஜா, 1685இல் புராட்டஸ்டண்டு மதத்தாருக்கு இருந்த உரிமையை ரத்து செய்தான். பப்பேன் அந்த மதத்தைச் சேர்ந்தவராகையால் சொந்த நாட்டுக்குத் திரும்பி வாழ முடியவில்லை. அறிவு சமையலுக்கு வழி கண்டது. மதம் அந்த அறிவாளிக்கு வீட்டு வாசலை அடைத்தது!

“அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு” என்று நம் நாட்டில் பழமொழியே செய்து வைத்தார்கள். படித்திருந்தால் அடுப்பையே மாற்றியிருப்பாள் என்ற பயம் போலும்! மிச்சமாகும் காஸைவிட, மிச்சமாகும் அவள் நேரம்தான் பெரிது. அந்த நேரத்தில் அவள் படிக்கட்டும், கூட்டத்துக்கு வரட்டும். ஆண்களும் கரண்டி பிடிக்கட்டும். கை ஒன்றும் தேய்ந்து போய்விடாது.

நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். ஒரே பானையில், ஒரே அளவு தண்ணீரை, ஒரே தீயில், ஒரு தடவை மூடியோடும், ஒரு தடவை மூடியில்லாமலும் கொதிக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.