காசில்லாமல் வாங்கும் பொருள்



சாயங்காலம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார் ஒரு பெரியவர். பேரன் கேட்டான்: "எங்கே தாத்தா கிளம்பிட்டீங்க?"

"காத்து வாங்கப் போறேன்டா."

"பை எடுத்துக்கலையா?"

பையன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. காசு கொடுக்காமல் நாம் வாங்குவது இரண்டுதான்: ஒன்று காற்று, இன்னொன்று வீட்டில் திட்டு!

நாம் காற்று வாங்கினால் சுகம். தியேட்டர் 'காற்று வாங்கினால்' நஷ்டம். உள்ளே ஆளே இல்லை என்று அர்த்தம். கொடுத்த வாக்கைக் 'காற்றில் பறக்க விட்டால்' அது ஏமாற்று.

காற்று வரும் திசையைப் பார்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள் நம் முன்னோர்கள். தெற்கிலிருந்து வந்தால் தென்றல். வடக்கிலிருந்து வந்தால் வாடை. மார்கழி அதிகாலையில் போர்வையை இழுத்து மூட வைப்பது அதுதான். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேகத்துக்கும் அதே பெயர்தான். வாசல் திண்ணையில் உட்கார்ந்தபடியே, முகத்தில் படும் காற்றை வைத்துத் திசையைச் சொல்லிவிடலாம்.

பெரியவர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"எவ்வளவு தாத்தா வாங்கினீங்க?"

"எங்கேடா! ஒரு இலைகூட அசையலை. இன்னிக்குக் கடை லீவு!"