ஒருவரே உள்ள குழு

புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையில், அம்பாப் பாட்டோடு கரைவலை இழுப்பவருக்கு அவ்வலையின் மீனிலே பங்குண்டு. அடுத்த வலையின் மீனில் இல்லை. லினக்ஸ் என்னும் கணினி அமைப்பிலும் இத்தகைய ஒழுங்கொன்று உண்டு. அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரியவரும் ஒரு குழுவும் இருப்பர், ஏனையோர் பிறர். புதிய பயனர் சேரும்போதே அவருக்கு முதற்குழு ஒன்று அமையும். அவர் ஆக்கும் கோப்புகள் பொதுவாக அக்குழுவின் பெயரிலே பதிவாகும்.

முன்னாளில் எல்லாரையும் ஒரே பொதுக்குழுவில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. மீனவர் சங்கக் கணினியொன்றை அவ்வாறு அமைத்தால் என்னாகும்? குழுவுக்கு எழுதும் அனுமதி அளித்தால், ஒருவரது சொந்த ஏட்டை எவரும் திருத்தலாம். மறுத்தாலோ, கூட்டாக எழுதவேண்டிய பங்குக் கணக்கும் பூட்டுண்டு கிடக்கும்.

ரெட் ஹாட், டெபியன் முதலியவை ஒவ்வொருவருக்கும் அவர் பெயரிலேயே தனிக்குழு வகுத்தன. ஒருவரே உள்ள குழு நகைப்பைத் தரலாம். ஆயினும் அக்குழுவுக்கு எழுதும் அனுமதி இருந்தாலும், எழுத வேறொருவர் இல்லையே! ஆகவே அனுமதிகளை மறைக்கும் 022 என்ற எண்ணை 002 எனத் தளர்த்தலாம். பின்னர்ப் பங்குக் கணக்குக்கென ஒரு குழுவும் கோப்புறையும் ஆக்கி, அதனுள் பிறக்கும் கோப்புகள் அக்குழுவையே பெறுமாறு குறித்துவிட்டால், சம்மாட்டியும் கணக்கரும் ஒரே ஏட்டில் எழுதுவர். சொந்தக் கோப்புகளைப் பிறர் திருத்த இயலாது. அவற்றைப் படிப்பதையும் தடுக்க வேண்டின் 007 என்ற எண் வேண்டும்.

குழுவிற் புதிதாகச் சேர்க்கப்பட்டவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்த பின்னரே அவ்வுரிமை கிட்டும்.